உள்ளது உள்ளபடி

விளம்பரத்தில் மூன்றே வரி.
இருபத்தைந்து குதிரைத்திறன் படகு மோட்டார்.
போன கோடையில் நன்றாக ஓடியது.
உள்ளது உள்ளபடி.

பத்தொன்பது வருடமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன்.
மைனஸ் முப்பதில் டீசல் இருமுவதைக் கேட்டே
எந்த இன்ஜெக்டர் என்று சொல்லிவிடுவேன்.
அன்று மட்டும் என் காது
எங்கே போயிருந்தது?

ஃபார்கோவில் ஒரு பெட்ரோல் பங்க்.
அவனுக்கும் எனக்கும் நடுவழி.
நான் மினசோட்டா, அவன் தெற்கு டகோட்டா,
நின்றதோ வடக்கு டகோட்டாவில்.
மார்ச் காற்றில் கையுறையைக் கழற்றி
ஆயிரத்துத் தொள்ளாயிரம் டாலரை
இரண்டு முறை எண்ணினான் வெண்டல் க்ரூப்.
புதுக் கறுப்புப் பெயிண்டில் மினுங்கியது மோட்டார்.
"தண்ணியில இறக்காம ஸ்டார்ட் பண்ணக் கூடாது,
தெரியுமில்ல?"
தெரியும் என்றேன்.
கொஞ்சம் பெருமையாகக்கூட.

மே மாதம், பனிக்கட்டி விட்டுப்போன ஏரியில்
பதினோரு நிமிடம் ஓடியது.
பிறகு வெள்ளைப் புகை.
தம்பி ஐனோ துடுப்புப் போட்டுக் கரை சேர்த்தான்.
ஒரு வார்த்தை சொல்லவில்லை.
அவன் சொல்லாததைத்தான் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

மெக்கானிக் நகத்தால் சுரண்டினார்.
பெயிண்டுக்குக் கீழே எபாக்ஸி,
எபாக்ஸிக்குக் கீழே
கட்டைவிரல் நீளத்துக்கு விரிசல்.
பூசி மெழுகுவது என்கிறோமே,
அதன் நிறம் அன்று தெரிந்தது.

எங்கள் ஊர் நீதிமன்ற ஜன்னலில்
அந்தப் பெண் மனுவை என் பக்கம் திருப்பி வைத்தாள்.
"பணம் எங்கே கைமாறியது?"
ஃபார்கோ.
"அவர் இந்த மாநிலத்துக்கு வந்ததுண்டா?"
நான் அறிய இல்லை.
"சட்ட ஆலோசனை சொல்ல எனக்கு அனுமதியில்லை" என்றவள்
சுவரிலிருந்த வரைபடத்தையே பார்த்தாள்,
தேவைக்குச் சற்று அதிக நேரம்.

பிரதிவாதி எங்கே படுத்துறங்குகிறானோ
அங்கேதான் நியாயமும் படுத்திருக்கும் போல.
எழுப்பப் போனேன்.

மனுக் கட்டணம்.
சம்மன் கொண்டுபோன ஷெரீஃபுக்குக் கட்டணம்.
சம்பளமில்லாமல் இரண்டு நாள் விடுப்பு.
எட்டரை மணி நேரச் சாலை,
சூரியகாந்திகள் தலை கருகி நிற்கும் வயல்கள்,
வெந்நீர் வராத ஒரு மோட்டல்.
அதற்கு நான் வழக்குப் போடவில்லை.
சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.
இருக்கட்டும்.
தெரியும் என்று நான் கொடுத்துவிட்டு வந்த
அந்த ஒரு சொல்லையும்
திரும்ப வாங்க வேண்டியிருந்தது.

வெண்டல் க்ரூப் வரவில்லை.
நீதிபதி மூன்று கேள்வி கேட்டார்.
மூன்றாவது:
"உள்ளது உள்ளபடி என்று எழுதித்தானே விற்றிருக்கிறார்?"
"உள்ளதன்மேல் பெயிண்ட் அடித்துவிட்டார், ஐயா.
அப்புறம் எங்கே உள்ளபடி?"
பேனா ஒரு கணம் நின்றது.
நான்கே நிமிடம். தீர்ப்பு எனக்கு.
"வசூலிப்பது இனி உங்கள் பாடு, மிஸ் ஹுவோட்டரி."
காகிதம் கையில் சூடாக இருந்தது.
பிரிண்டரின் சூடு.
வெளிக் கதவை எட்டுவதற்குள் ஆறிவிட்டது.

சம்மனில் முகவரி இருந்ததே,
அந்தத் தெரு வழியாகப் போனேன்.
முன்புறப் புல்லில் இன்னொரு மோட்டார்.
நாற்பது குதிரைத்திறன், புதுக் கறுப்பு.
அட்டையில் அதே கையெழுத்து, அதே போன கோடை.
வயோமிங் நம்பர் பிளேட்டோடு ஒரு பிக்கப்.
என் வயதுக்காரர் ஒருவர் குனிந்து
ப்ரொப்பெல்லரைச் சுற்றிவிட்டு
அது சுழல்வதை ரசித்துக்கொண்டிருந்தார்.

வண்டியை நிறுத்தினேன். இன்ஜினை அணைக்கவில்லை.
முகமன்கூடச் சொல்லவில்லை.
"கீழே, மூன்றாவது போல்ட்டுக்கு இடப்பக்கம்.
சுரண்டிப் பாருங்கள்."

வீட்டு ஜன்னலில் திரை அசைந்தது.
அவர் என்னைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார்,
கையுறையைக் கழற்றினார்.